தோமினிக் கேட்ட ஏலம்

சேலத்தில் மில்லுக்கும் லாரி ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர் தோமினிக். கடையை மூடிய பிறகு யாரும் கேட்காமலேயே இன்னொரு வேலையை ஏற்றுக்கொண்டார். ஆன்லைன் ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு நியாயமான விலை சொல்லும் வேலை.

யாராவது 'அரிய பொருள்' என்று போட்டு ஆனை விலை கேட்டால், கீழே போய் எழுதுவார்: "மானிட்டர் ஒரிஜினல் இல்லை. விலையைக் குறைக்கவும்." அடிமாட்டு விலைக்குப் போட்டாலும் விடமாட்டார்: "ஏற்றவும்." பாதிப் பேர் அவரை பிளாக் செய்திருந்தார்கள். அதை அவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் ஒரு பழைய மெஷின் ஏலத்துக்கு வந்தது. எடுக்க வேண்டிய இடம் ஓமலூர். கேட்டிருந்தது ஒரே ஒரு ஆள்.

"அன்னா, இரும்பு வெலைக்குக் கேக்கறான் பாரு, மனசாட்சியே இல்ல!"

மனைவி அன்னாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யாரோ விக்கறாங்க, யாரோ வாங்கறாங்க. உங்களுக்கு என்னங்க?"

சும்மா இருப்பாரா? விலையை ஏற்றிவிட்டார். அந்த ஆளும் ஏற்றினான். நியாயமான விலையை அவர் தொட்டதும் அவன் கழன்றுகொண்டான். மெஷின் தோமினிக் தலையில் விழுந்தது.

மறுநாள் ஓமலூர் போய், போனில் வந்த விலாசத்தைத் தேடினால் அது மச்சினன் சேவியர்ராஜ் புதிதாகக் குடிபோன வீடு.

"மாமா, நீங்களா? பேரு வேற என்னமோ இருந்துச்சே!"

தோமினிக் மெஷினைத் திருப்பினார். பின்பக்கம் அவர் கடை ஸ்டிக்கர். அவர் வீட்டுப் பரணில் கிடந்த மெஷினேதான். இந்த ரகத்தில் எத்தனையோ பார்த்தவர், போட்டோவில் முன்பக்கத்தை மட்டும் கண்டு ஏமாந்துவிட்டார்.

"அக்காதான் வித்துத் தரச் சொன்னாங்க. கேன்சல் பண்ணிரட்டுங்களா?"

"கேன்சலா? ஏலம்னா ஏலந்தான் மாப்ள" என்றார் தோமினிக், காது சிவக்க. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மெஷினோடு பஸ் ஏறினார்.

வாசலில் அவரைப் பார்த்த அன்னாள், சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரணக் காலி பண்ணலாம்னு பாத்தேன். ஏனுங்க, கொஞ்சம் கம்மியாக் கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"அதோட மதிப்பு அவ்வளவு" என்றார் அவர், முறைப்பாக.

தம்பி அனுப்பிய பணத்தில் அன்னாள் கிரைண்டர் வாங்கிக்கொண்டாள். தோமினிக் மெஷினை மேஜையில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். பிறகு விற்றவருக்கு நாலு நட்சத்திரம் போட்டார். கீபோர்டில் ஒரு எழுத்து விழாததை மறைத்ததற்காக ஒன்றைக் குறைத்துவிட்டார்.