டிரம் ஓட்டும் பாய் கேட்ட கேள்வி

எண்பதுகளின் கடைசியில், ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் ஒரே கம்ப்யூட்டரைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது. ஆட்டுத்தோலில் பொதிந்து, கைக்குழந்தைபோல் மடியில் வைத்து ஜட்காவில் கொண்டுபோனேன். அங்கே வேலையைத் தொடங்கியதும் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் ஓர் ஆங்கில வரியைக் காட்டி நின்றுவிட்டது. ஜட்கா குலுக்கலில் நானே கொன்றுவிட்டேன் என்று ராஜினாமா கடிதமே எழுதிவிட்டேன்.

தோல் பதனிடும் டிரம்மை ஓட்டுகிற பஷீர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பேஜாரா இருக்கீங்க?"

சொன்னேன்.

"கரண்ட் போய் வந்தா டிரம்ல இருக்கற லோடை எடுத்துட்டுத்தான் நாங்க மறுபடி சுத்தவுடுவோம். இதுக்குள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

வேலைக்காக நான் செருகிய பிளாப்பி டிஸ்க் உள்ளேயே இருந்தது. கரண்ட் வந்து எழும்போது கம்ப்யூட்டர் முதலில் அதைப் படிக்கப் பார்த்துத்தான் திணறியிருக்கிறது. எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன், எழுந்துகொண்டது.

"கையில இன்னா சார் காகிதம்?"

"லீவ் லெட்டர், பாய்."

இப்போதும் எது நின்றாலும் முதலில் உள்ளே பார்க்கிறேன். கடிதம் எழுதுவது அப்புறம்தான்.