துரை வீட்டுக் கேட்டின் முன் மெதோர்

பிரெஞ்சுத் துரை கப்பலேறிப் போய்விட்டதால் முனிசிபாலிட்டிப் பட்டியில் அடைபட்டிருந்த அவருடைய 'மெதோர்' என்ற நாயை, உழவர்கரையிலுள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு நாள் கறிச்சோறு போட்டேன். என் அழகில் மயங்கிவிட்டதென்று நானே முடிவுகட்டி, மூன்றாம் நாள் சங்கிலியை அவிழ்த்தேன். ஒரே ஓட்டம்!

"ரெண்டு நாளு உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருந்துச்சே, அதுவே பெருசு!" என்றாள் மனைவி.

தேடி அலைந்து, கடற்கரைப் பக்கம் துரையின் பூட்டிய வீட்டு வாசலில் கண்டுபிடித்தேன். கேட்டுக் கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்துப் படுத்திருந்தது. கூப்பிட்டேன், வால்கூட ஆடவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டத் தொடங்கியதும் தானாக எழுந்து என் பின்னால் வந்தது.

இப்போது நான் அதைக் கட்டிப்போடுவதில்லை. தினமும் சாயங்காலம் நானே அங்கே அழைத்துப்போகிறேன். அது கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். துரை வந்து திறந்துவிட்டால் என் கதி என்னவென்று நானும் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.