கருகியது ரிசீவர்தான், என் கை அல்ல

நான் கலஹாவில் இருக்கிறேன். பழைய கசட் செட்டில் போன் பாட்டுகளைக் கேட்க ஆசைப்பட்டு, கண்டி டவுனில் மலிவான புளூடூத் ரிசீவர் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். ரிசீவரின் மின் துளையில் சரியாகப் பொருந்தியதே என்று, வீட்டு ரவுட்டரின் அடாப்டரைச் செருகிவிட்டேன். 'டப்' என்று வெடித்துப் புகை வந்தது. ரிசீவருக்கு வேண்டியது ஐந்து வோல்ட், அடாப்டரோ பன்னிரண்டு.

"இதெல்லாம் பொம்பளைங்க தொடுற சாமானா?" என்று கணவர் கத்தினார்.

"கருகினது ரிசீவர்தாங்க, என் கை இல்ல. நாளைக்கே வேற வாங்குவேன்" என்றேன். வாங்கினேன்.

இப்போதெல்லாம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டை வாசிக்காமல் எதையும் செருகுவதில்லை. சமையலறையில் பாட்டு ஓடுகிறது.

போன வாரம் கணவர் தன் ஓட்டோவின் பாட்டு செட்டைக் கழற்றிக்கொண்டுவந்து, அதற்கும் புளூடூத் பொருத்தச் சொல்லி நீட்டினார்.

"இதெல்லாம் பொம்பளைங்க தொடுற சாமானாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்கினேன்.