பழப்புளியில் கழுவிய காசுகள்

திருகோணமலை நகரத்துப் பொதுமண்டபத்தில், துறைமுகத்தைப் பார்த்த சுவரோரம், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்து மூன்று பழைய காசுகள் இருக்கின்றன. புதுச் செம்பு போல மின்னுகின்றன. பார்க்கிறவர்கள் என்ன அழகு, நல்ல வடிவு என்கிறார்கள். அந்த வடிவைச் செய்து வைத்தவள் நான்தான்.

ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அந்த வருடம் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியது. குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கும் அப்பால் எங்கள் ஊர். திரும்பிப் போகலாம் என்ற கதை வந்தபோது எனக்குக் கல்யாணமும் முடிந்திருந்தது. முதலில் கண்ணிவெடி எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு ஊர் ஆட்களையே வேலைக்குச் சேர்த்தார்கள். படிப்புக் கேட்கவில்லை. நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள். வேறெந்த வேலையிலும் அதற்கு ஏச்சுத்தான் கிடைத்திருக்கும். அங்கே நல்ல பெயர் கிடைத்தது.

ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு கட்டிய பாதைதான் எங்கள் இடம். முழங்காலில் இருந்துகொண்டு, உலோகம் இருந்தால் கத்துகிற மெசினை மண்ணுக்கு மேல் அசைப்போம். அது கத்தினால், என்ன என்று தெரியும்வரை தோண்டியே ஆக வேண்டும். நூறில் தொண்ணூறு தரம் ஆணி, மீன் ரின் மூடி, சட்டைக் கொளுக்கி. இடைக்கிடை ஒரு காசு. ஒல்லாந்தர் காலத்துக் காசு என்றார்கள் சிலதை. சிலதில் மாடு படுத்திருக்கிற மாதிரி ஏதோ இருந்தது. எல்லாம் பச்சையும் கறுப்புமாக, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் கிண்ணியாக்காரர். அண்ணன் என்கிற முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். காசு அகப்பட்டால் அதைச் சின்ன உறைக்குள் போட்டு, கூடவே ஒரு துண்டுக் கடதாசியும் வைப்பார். எந்த ஊர், யாருடைய வீட்டு வளவு, எத்தனை அங்குல ஆழம், எல்லாம் தன் கையால் எழுதுவார். துண்டு இல்லாவிட்டால் இது வெறும் செம்பு என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வளவுக்குள் மெசின் பிடிக்கிற முறை எனக்கே வந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் மட்டும். கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று காசு எடுத்தேன். ஒன்றின் விளிம்பு கடித்த மாதிரி இருந்தது. நானா அந்த மூன்று துண்டுகளிலும் ஊரின் பெயரையும் என் அப்பாவின் பெயரையும் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு நான் முகமூடியைக் கழற்றவில்லை. அழுவது தெரிந்துவிடும் என்று.

ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பாதி இன்னும் அரசாங்கம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம். வெடி எடுத்து முடித்த பிறகும் எங்களை உள்ளே குடியிருக்க விடவில்லை. நாங்கள் போய்க் கேட்ட அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அது ஆள் இல்லாத பற்றைக்காடு என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே, நகரத்தில் பழம்பொருள் காட்டப் போகிறார்கள், ஒவ்வொரு காசின் கீழும் எடுத்த ஊரின் பெயரை அச்சடித்து வைப்பார்கள் என்று நானா சொன்னபோது, எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரின் பெயர் ஒரு கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். ஆட்கள் இருந்த ஊர் என்று அந்தக் காசு சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து நானா வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார். நான் நகரத்தில் வாடகைக்கு இருப்பதால், காசுகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, திங்கட்கிழமை மண்டபத்தில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். காசுகளை ஒப்படைக்கிறேன் என்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார். நாலு நாள் அது என் வீட்டில் இருந்தது. புதையல் வைத்திருக்கிறாள் என்று பொலிஸ் வந்தால்? முதலில் அரிசி வாளிக்குள் வைத்தேன். பிறகு அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே. பிறகு மீண்டும் அரிசிக்குள்.

என் மனுசன் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர். அவருக்கு இது நல்ல பகிடி.

"பொலிஸ் வந்தா, இந்த மனுசி ஆரெண்டே எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போடுவன். சமைக்க வந்தவ எண்டு சொல்லுவன்" என்றார்.

ஞாயிறு காலை குசினியில் ரின்னைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் வேறு பயம் பிடித்தது. எவ்வளவு ஊத்தை. பெரிய ஆட்கள் வந்து பார்க்கப்போகிற சாமான். படிக்காதவள், ஒரு பொருளைத் துப்புரவாகக் கொண்டுவரத் தெரியாதவள் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரின் பெயருக்கு மேலே இந்த ஊத்தையா? எங்கள் வீடுகளில் பித்தளையோ செம்போ, நாலு பேர் பார்க்க வெளியில் எடுத்தால் கழுவாமல் வைத்தது கிடையாது. கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு தெருவே பழப்புளியும் சாம்பலும் தேங்காய்த் தும்புமாகக் குந்தியிருக்கும்.

நானும் குந்தினேன். உறைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். துண்டுகளை எடுத்து, நனையாதபடி, இறப்பர் வளையம் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். நானா சொன்னது நினைவிருந்தது, துண்டு பத்திரம். காசுகளை எல்லாம் ஒரே பேசினில் போட்டுப் பழப்புளி கரைத்து ஊற்றினேன். ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, சாம்பல் தொட்டுத் தும்பால் தேய்த்தேன். பச்சை எல்லாம் கழன்று தண்ணீரோடு போனது. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

இருபத்து மூன்றையும் துடைத்துத் துவாயில் பரப்பிய பிறகுதான் துண்டுகளை எடுத்தேன். முதலாவது துண்டை வாசித்தேன். கையில் துண்டு இருந்தது. எந்தக் காசுக்கு அது என்று தெரியவில்லை.

அன்றே நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். துண்டுகள் இருக்கிறதுதானே என்று அவர் கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப தங்கச்சி, துண்டுகளைக் கண்ணாடிக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ. காசை நீங்க வைச்சிருங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு நான் எடுக்கிற அழைப்புகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

திங்கட்கிழமை மண்டபத்தில் காசுகளைப் பொறுப்பெடுக்க வந்திருந்தவ ஒரு இளம் பெண்பிள்ளை. கையுறை போட்டிருந்தா. ரின்னைத் திறந்தவுடன் முகம் மாறியது.

"அக்கா, இதை ஆர் கழுவினது?"

"நான்தான் மிஸ்."

"எல்லாத்தையும் ஒண்டாவோ?"

"ஓம்."

அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. அந்தப் பச்சைதான் காசுக்குத் தோல் என்றும், புளி அதைத் தின்றுவிட்டது என்றும், எழுத்தின் மேடுகளைச் சாம்பல் தேய்த்துவிட்டது என்றும் மெல்லச் சொன்னா. சுத்தத் தண்ணீரில் நனைத்து, முள்ளால் மண்ணை மட்டும் எடுத்து, காயவைத்து, தனித்தனிக் கடதாசியில் வைக்க வேண்டுமாம். அதற்கு அவவுக்கு வகுப்பே வைத்தார்களாம். எங்களுக்கு மெசின் பிடிக்க மட்டும்தான் வகுப்பு வைத்தார்கள்.

பிறகு, ஒன்றையாவது இன்ன இடத்துக் காசு என்று அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டா. கடித்த விளிம்புக் காசைத் தேடினேன். மண் போன பிறகு பார்த்தால் இன்னும் இரண்டுக்கு விளிம்பு தேய்ந்திருந்தது. ஆனால் ஒன்றை விரலுக்கிடையில் பிடித்தவுடன் தெரிந்தது. இதுதான், எங்கள் கிணற்றடிக் காசு. கைக்குத் தெரிந்தது.

"இதெண்டு நினைக்கிறன் மிஸ்."

"நினைக்கிறீங்களோ, இல்லாட்டி நிச்சயமோ? நிச்சயமெண்டால் ஊரின்ர பேரை எழுதலாம். நீங்கள் அதுக்கு ஒப்பம் வைக்கவேணும்."

பேனையை நீட்டினா. நாளைக்கு யாராவது வந்து, எப்படித் தெரியும் என்று கேட்டால்? அந்த நிலத்தைப் பற்றைக்காடு என்று எழுதினவர்களே கேட்டால்? வழக்கு என்று இழுத்தால்? என் மனுசனையும் இழுத்தால்? வெடியைத் தோண்டி எடுத்த கை அந்தப் பேனையை வாங்கவில்லை.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது மிஸ்" என்றேன்.

அவ காசை மற்றவற்றோடு வைத்தா.

இப்போது இருபத்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு அட்டை. திருகோணமலை மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட காசுகள், எடுத்த இடம் தெரியவில்லை என்று மூன்று மொழியிலும் இருக்கிறது. துண்டுகள் ஏதோ கோப்புக்குள் போய்விட்டன. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றுதானே எழுதினா. தெரிந்தவள் நான்.

மாதத்தில் ஒரு தரம் போய்ப் பார்க்கிறேன். போன முறை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே நின்றார். எங்கள் வளவுக்கு நாலு வளவு தள்ளி இருந்தவர். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, அட்டையை வாசித்துச் சொல்லு பிள்ளை என்றார். வாசித்தேன். அவர் குனிந்து காசுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கட ஊர்ப் பக்கம் ஒண்டும் அகப்படேல்லையோ? நீயும் அங்க மெசின் பிடிச்சனியெல்லோ."

"ஒண்டும் அகப்படேல்லை மாமா" என்றேன்.