ஆகல் பாலையில் கல்லான மரங்கள்

என் கணவர் தாமஸ் ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். கண்ணில் அழுத்தம் கூடி, இரண்டு வருடமாகப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. "போன பார்வை திரும்பாதுங்க. பாக்கணும்னு நினைக்கிறத இப்பவே பாத்துடுங்க" என்றார் டாக்டர். வேளாங்கண்ணி என்பார் என்று நினைத்தேன். அவரோ, பார்டருக்கு மாதிரி தேடியபோது எப்போதோ கண்ட ஒரு படத்தைச் சொன்னார்: ராஜஸ்தான் பாலைவனத்தில் கல்லாகிக் கிடக்கும் மரம். அதன் வரிகளை நேரில் பார்க்க வேண்டுமாம். ஜனவரியில் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து ஜோத்பூர், அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஜெய்சால்மர். காலை ஆறுக்குச் சேர வேண்டிய வண்டி பத்தரைக்குத்தான் சேர்ந்தது. அந்தக் கல்மரங்கள் கிடக்கும் ஆகல் பூங்கா அங்கிருந்து பார்மேர் சாலையில் பதினேழு கிலோமீட்டர். போக வர ஆட்டோவுக்கு எழுநூறு ரூபாய். எனக்கு இந்தி வராது. ஓட்டுநரிடம் "ஜல்தி, ஜல்தி" என்றேன். நம்மூர் வார்த்தை அங்கேயும் செல்லுபடியானது. அப்படியும் போய் இறங்கும்போது உச்சி வெயில்.

பொட்டல் மணற்பாறைச் சரிவு. பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்ததாம். சாய்ந்த மரங்கள் மணலில் புதைந்து கல்லாகிவிட்டன. பெரிய மரங்களுக்கு மேலே தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை. கை நுழையாது. வெளியே கண் கூசும் வெளிச்சம், வலைக்குள் இருட்டு. எனக்கே கண் பழக ஒரு நிமிடம் ஆயிற்று. பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே மரம்தான்.

"தெரியுதாங்க?"

"இரு மேரி, பாத்துகினுதானே இருக்கேன்."

வலையைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார். பிறகு, "எப்பேர்ப்பட்ட வரி! அப்படியே பார்டர்ல இறக்கிடலாம்" என்றார்.

அவர் முகம் திரும்பியிருந்த பக்கம் வெறும் மண். மரம் இடப்பக்கம் கிடந்தது.

அவர் தோளைத் தொட்டேன். "சாயங்கால டிக்கெட்ட மாத்திட்டு, நாளைக்குக் காலைல இன்னொரு தபா வரலாமாங்க?"

"எதுக்கு? அதான் பாத்தாச்சே. பேஜார் பண்ணாத, வா."

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் கண்ணை மூடியே இருந்தார். இமையோரம் நனைந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: உள்ளே கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். ஜெய்சால்மரில் ஒரு இரவு தங்கி, காலையில் கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். சாய்ந்த வெயில் கூரைக்கடியில் விழும். ஒரு டார்ச் எடுத்துப்போங்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. முக்கியமாக, தள்ளிப்போடாதீர்கள். அந்தப் படத்தை அவர் காட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கல்தானே, எங்கே போய்விடப்போகிறது என்று அன்று சொன்னவள் நான்.