சராசரியில் அகப்படாத தங்கை

தொண்ணூறுகளின் நடுவில் நான் நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். இரும்புத் துண்டுகளை அளந்து, தேறியது, தேறாதது என்று எழுதுகிற வேலை. அளவு விஷயத்தில் மைசூரிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அதை உடைத்தவள் என் தங்கை. அவளைப் போல நேர்மையாக அளந்து எழுதிய ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில், காலையில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள். மத்தியானம் "நீ என் அண்ணனே இல்லை" என்பாள். சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இரண்டு முறை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அதெல்லாம் வியாதியாகவே படவில்லை. "கொழுப்புடா. நடிக்கறா," என்பாள்.

நான்தான் பிடிவாதமாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஹனூர் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி அவர். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டராக இருக்கலாம் என்றார். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். உறுதியாகச் சொல்லும் முன் அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, எழுந்ததும், எட்டு மணிக்கு, மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன், மனசு எப்படி இருக்கிறது என்று மிக மோசத்துக்கு ஒன்று, மிகச் சந்தோஷத்துக்குப் பத்து என்ற கணக்கில் ஓர் எண் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு.

அம்மா அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டு மாசம் பாக்கறேன். வியாதின்னு ஒண்ணும் தெரியலைன்னா கொள்ளேகால்ல மாமா வீட்டுல கொண்டு போய் விட்டுடுவேன். அங்க அடங்கிக் கெடப்பா."  தங்கை அன்று படுக்கும் முன் நோட்டில் முதல் எண்ணை எழுதினாள்: இரண்டு.

ஒரு வேளை தவறவில்லை. என்னிடம் சண்டை போட்டுப் பாத்திரத்தை வீசிய நாளிலும் ஐந்து எண்கள் இருந்தன. கையில் கட்டுப் போட்ட நாளிலும் ஐந்து எண்கள் இருந்தன, இடது கையால் கிறுக்கியவை. எங்கள் ஆலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அளப்பவர்களே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குத்துமதிப்பாக எண் போடுவார்கள்.

ஆலையில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து அத்தனை எண்களையும் ஏற்றினேன். மாத அறிக்கைக்கு நாங்கள் வைத்திருந்த புரோகிராம் ஒவ்வொரு நாளுக்கும் சராசரி எடுத்துக் கோடு போடும். அதிலேயே போட்டேன். ஐந்தைத் தொட்டுக்கொண்டு அமைதியாக ஒரு கோடு வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டு போனேன், மடையன்.

"பாத்தியா, சமமாத்தானே இருக்கா," என்றாள் அம்மா. அன்றே மாமாவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.

தங்கை அந்தத் தாளையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "அண்ணா, ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு. இந்த ஞாயித்துக்கிழமை எந்திரிச்சப்ப ஒம்பது. மத்தியானம் ஒண்ணு. நீ அஞ்சுன்னு போட்டிருக்கே. அன்னைக்கு முழுக்க அஞ்சுல நான் ஒரு நிமிஷம்கூட இருக்கலை."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பாதித் துண்டுகள் தடித்தும் மீதி மெலிந்தும் இருந்தாலும் சராசரியில் தேறிவிடும், பெட்டியைப் பிரித்த வாடிக்கையாளன் திருப்பி அனுப்புவான் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அதற்காகவே ஏற்ற இறக்கத்துக்குத் தனி வரைபடம் போடுகிறவன் நான். இரும்புக்குக் காட்டிய அக்கறையைக் கூடப்பிறந்தவளுக்குக் காட்டவில்லை.

அம்மாவிடம் கெஞ்சிக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நிறுத்தினேன். மறுநாள் கம்ப்யூட்டரிடம், ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு எவ்வளவு தாவுகிறாள் என்பதை மட்டும் கணக்கிடச் சொன்னேன். வந்த கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு வேளைக்கு எண் வேறு எழுதியிருக்கிறாள்.

மருத்துவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "மெஷின் வரைஞ்சுச்சு, சரி. அந்தப் புள்ள எழுதினதுதானுங்க அருமை," என்றார். தன் சந்தேகம் சரி என்றும் சொன்னார். அப்புறம் விரலை ஓரிடத்தில் வைத்தார். "பெரிய சரிவெல்லாம் எந்திரிச்சதுக்கும் எட்டு மணிக்கும் நடுவுல வருது. எல்லா நாளும் வரலை. அப்ப வீட்டுல என்னங்க நடக்குது?"

"ஒண்ணும் நடக்காது, நான் வேலைக்குக் கிளம்புவேன்," என்றேன்.

"இந்த வியாதியில விட்டுட்டுப் போயிருவாங்களோங்கற பயம் பெருசுங்க. நீங்க கிளம்பறதையும் ஒரு வரிசையா சேத்துப் பாருங்க."

சொல்லிக்கொண்டு கிளம்பினால் வாசலில் மறித்து, "நிஜமா வருவியா, எத்தனை மணிக்கு," என்று பத்துத் தடவை கேட்பாள், அழுவாள், நஞ்சன்கூடு ரயில் போய்விடும். ஆகவே அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவிவிடுவேன். அது அவளுக்கும் நல்லது என்றே நினைத்திருந்தேன். மாட்டிக்கொண்ட நாள்களில் பஸ் பிடித்துப் போய் லேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன். அந்த ரிஜிஸ்டரிலிருந்து தேதிகளை எடுத்து அவள் எண்களோடு சேர்த்தேன்.

சொல்லிக்கொண்டு கிளம்பி லேட்டான நாள்களில் அவள் எண் ஒன்றோ இரண்டோதான் இறங்கியிருந்தது. நான் சொல்லாமல் நழுவி நேரத்துக்குப் போன நாள்களில் எட்டிலிருந்து ஒன்றுக்கு விழுந்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். 

வீட்டில் இருவரையும் உட்காரவைத்து இரண்டு வரிசையையும் படித்துக் காட்டினேன். அம்மா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நீ சொல்லாம போனதுக்கே இப்படின்னா, நான் கொள்ளேகால்ல விட்டுட்டு வந்திருந்தா?" என்றாள். கடிதத்தை எடுத்து வந்து எங்கள் முன்னாலேயே கிழித்தாள்.

தங்கை நோட்டை மூடினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்ணா. சொல்லாம போகாதேன்னு எத்தனையோ தடவை சொன்னேன், நடிக்கறேன்னீங்க. நம்பரா இருந்தா நீ நம்புவேன்னுதான் ரெண்டு மாசமா எழுதினேன்."