சூசையம்மாள் வேண்டாமென்ற ரத்தம்

போன திங்கட்கிழமை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. நர்ஸ் சூசையம்மாள் நான்கு நாள் காய்ச்சலில் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். அரியலூரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். அவரை நினைத்தால் உங்களுக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; அரியலூர் ஆஸ்பத்திரியில் நான் டாக்டர். விக்கிரமங்கலத்து விவசாயி ஒருவருக்கு விலாவுக்குள் சீழ் கட்டியிருந்தது. ஊசி செலுத்தி அதை இறக்க வேண்டும். ஆள் வெளுத்திருந்தார். குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். முன்கூட்டியே ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம் என்றேன். கூட வந்த மச்சினன்மார் மூவரில் இருவர் பாட்டிலையும் குழாயையும் கண்டதும், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடுறோம்" என்று போனவர்கள்தான். சோதித்துப் பார்த்ததில் மூன்றாமவருடைய ரத்தம் நோயாளிக்குச் சேரும் என்று தெரிந்தது.

சூசையம்மாள் என்னைத் தனியே அழைத்தார். "சார், நாடி நல்லா இருக்கு. எங்கயும் ரத்தம் கசியல. இப்ப ஏத்துறது அவருக்காகவா, நம்ம பயத்துக்காகவா?"

எனக்குக் கோபம் வந்தது. "ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"ஏத்துனாலும் ஆகலாமே சார். போன மாசம் ஒருத்தருக்கு நடுக்கம் எடுத்துச்சே! மச்சினன் இங்கயே இருக்கட்டும். வேணும்னா அப்பவே எடுத்துக்கலாம்."

போன மாதம் நடுக்கம் எடுத்த அந்த நோயாளி பிழைத்ததே பெரிய காரியம். அரைமனதோடு ஊசியைச் செலுத்தினேன். சீழ் இறங்கியது; பஞ்சில் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். வெளியே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்த மச்சினன், "அப்ப என் ரத்தம்?" என்றார் ஏமாற்றத்தோடு.

"உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுங்க" என்றார் சூசையம்மாள்.

அதற்காக அவர் ரத்தம் ஏற்றுவதற்கே விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சில மாதம் கழித்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து பிரசவமான ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். நஞ்சுக்கொடி விழாமல் வழியெல்லாம் ரத்தம் போயிருந்தது. கற்ற பாடத்தைக் காட்டும் உற்சாகத்தில், "முதல்ல நஞ்சை எடுத்துடுவோம், ரத்தத்தை அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

"நாடியே கையில சிக்கல சார். இன்னைக்குப் பயப்படணும்."

வந்தவர்களில் யாருடைய ரத்தமும் சேரவில்லை. சூசையம்மாளுடையது சேர்ந்தது. பெஞ்சில் படுத்துக் கையை நீட்டினார். பாதிப் பாட்டில் ஏறியதும் அந்தப் பெண்ணின் நாடி என் விரலில் தட்டியது. அதன் பிறகே நஞ்சை எடுத்தேன். அவள் பிழைத்தாள். சூசையம்மாளுக்குக் காப்பி கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "இவ்வளவு ரத்தம் குடுத்தவளுக்கு இவ்வளவுதானா சக்கரை?" என்றார். ரேஷன் என்றோம். "அப்ப ரத்தத்தையும் ரேஷன்ல குடுத்திருப்பேனே!"

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். யாருக்கும் ரத்தம் ஏற்றுமுன், பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். சூசையம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். இங்குள்ள நர்ஸ் முதல் தடவை திகைத்துப்போய்த் தலைகுனிந்து நின்றார். நேற்று நிமிர்ந்து பார்த்து, "வேணாம் சார்" என்றார். பாட்டிலைக் கீழே வைத்தேன்.